ஜிம்முக்குப் போனால் சிகரெட் விட்டுப்போகுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 36. வீடு கொருக்குப்பேட்டை, வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். 14 வருஷப் பழக்கம், ஒரு நாளைக்கு 12 சிகரெட். இரண்டு முறை விட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் நாலாம் நாள் டீக்கடையில் மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடியவருக்கு இப்போது மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'காலையில் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போ, சிகரெட் தானாக விட்டுப்போகும்' என்று நண்பர் சொன்னாராம். அது உண்மையா என்று கேட்கிறார்.

தானாக விட்டுப்போகாது, தம்பி. ஆனால் உடற்பயிற்சி உங்களுக்கு உதவும், நன்றாகவே உதவும். எவ்வளவு செய்கிறீர்கள் என்பதைவிட எந்த நேரத்தில் செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் 19 வருஷமாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டிவலி, முதுகுவலி என்று வருகிறவர்களில் நிறைய பேர் பீடியும் சிகரெட்டும் பிடிப்பவர்கள். என் அப்பாவும் ஹார்பரில் வேலை பார்த்த காலமெல்லாம் பீடி பிடித்தவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள். புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு என்று வைத்துக்கொண்டால் உங்கள் மூளைக்கு நாளைக்கு 120 தடவை அந்தச் சுகம் கிடைக்கிறது. 14 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு லட்சம் தடவைக்கு மேல். உலகத்தில் வேறு எந்தச் சுகத்தையும் நீங்கள் ஆறு லட்சம் தடவை பழகியிருக்க மாட்டீர்கள். உள்ளே போன நிக்கோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தை 12 சிகரெட்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்றே கால் மணிக்கு ஒன்று வரும். அளவு இறங்க இறங்க மூளை கேட்கிறது, நீங்கள் கொடுக்கிறீர்கள். மன உறுதி இல்லாத ஆள் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது நல்ல சேதி. விட்ட பிறகு வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அப்புறம் படிப்படியாக இறங்கி மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் இரண்டு முறையும் நாலாம் நாள் தோற்றிருக்கிறீர்கள். அதாவது உடம்புக்குக் கஷ்டமான மூன்று நாளையும் இரண்டு முறை முழுசாகத் தாண்டியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயமே இல்லை. உங்களைத் திரும்ப இழுத்தது உடம்பின் தவிப்பை விட அந்த டீக்கடைதான். கண்ணாடி டம்ளர் கையில் வந்ததும் இன்னொரு கை சும்மா இருக்க மறுத்திருக்கிறது.

உடற்பயிற்சி வேலை செய்வது அந்த இடத்தில்தான். 'இப்பவே ஒண்ணு அடிக்கணும்' என்று கிளம்பும் ஆசை நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. அலை மாதிரி ஏறும், சில நிமிடம் நிற்கும், நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்தில் வேகமாக நடந்தால் அலை சீக்கிரம் இறங்குகிறது. இதைப் பல ஆய்வுகளில் சோதித்துவிட்டார்கள். 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களை விட உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆசை தெளிவாகக் குறைந்திருந்தது. 5 நிமிட நடையே போதுமானதாக இருந்திருக்கிறது. நடந்து முடித்த பிறகும் அந்தப் பலன் கொஞ்ச நேரம் நீடித்தது. மூச்சிரைக்க ஓட வேண்டிய அவசியமில்லை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை, மருந்து போன்ற உதவிகளோடு உடற்பயிற்சியையும் சேர்த்தால் ஆறு மாதம் கழித்தும் விட்டவர்களாகவே இருப்போர் எண்ணிக்கை கூடுகிறதா என்று 2019-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 24 ஆய்வுகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே சமயம் 1999-இல் அமெரிக்காவில் 281 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் மூன்று முறை கடுமையான பயிற்சி செய்தவர்களில் ஒரு வருஷம் கழித்து 11.9 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பயிற்சி இல்லாத குழுவில் 5.4 சதவீதம். இரட்டிப்புதான், ஆனாலும் நூற்றில் பன்னிரண்டு பேர்தான் என்பதையும் பாருங்கள். ஐந்து நிமிட நடை ஆசையைத் தணிக்கிறது என்று தெளிவாகத் தெரியும்போது, வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் முடிவு ஏன் இப்படித் தடுமாறுகிறது? என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இது. பயிற்சி ஒரு நேரத்தில் நடக்கிறது, ஆசை வேறு நேரத்தில் வருகிறது. காலை ஆறு மணிக்கு ஜிம்மில் ஊற்றிய வியர்வை மாலை நாலரை மணி டீக்கடையில் கூட வந்து நிற்காது. ஜிம் முடிந்த கையோடு வாசலில் பைக்கில் சாய்ந்துகொண்டு பற்றவைக்கும் பையன்களை நானே தினமும் பார்க்கிறேன். 'அதான் எக்சர்சைஸ் பண்ணிட்டோமே' என்கிற நினைப்பு வேறு வந்துவிடுகிறது. பயிற்சி புகையின் கெடுதலைக் கழுவிவிடாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் அண்ணன் ஒருவர் தோள்பட்டை வலிக்காக என்னிடம் வந்தார். அவர் கதை உங்களுக்குப் பொருந்தும். நடையைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. 'நாள் முழுக்க லோடு தூக்குறேன்மா, இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸு?' என்றார். நியாயமான கேள்விதான். ஒரு நாள் வேலை எப்படிப் போகிறது என்று படிப்படியாகச் சொல்லச் சொன்னேன். விடிவதற்கு முன்னால் போட் வரும், பெட்டி இறங்கும், ஐஸ் உடையும், தூக்குவார். தூக்கும்போது பீடி ஞாபகம் வராது. பெட்டியை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்தும் அந்த நொடியில் கை இடுப்புக்குப் போகும். ஐஸ் தண்ணீரில் நனையாமல் இருக்க பீடிக் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி லுங்கி மடிப்பில் செருகி வைத்திருப்பார். பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கை இரண்டு முறை அங்கே போனது. அவருக்கே அது தெரியவில்லை, நான் சுட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

அவருக்கு இன்னும் கொஞ்சம் உழைப்பைக் கூட்டி என்ன பயன்? சுமையை இறக்கினால் பீடி என்று அவர் உடம்பு கற்று வைத்திருந்தது. அந்த ஓய்வு நிமிடத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பீடிக் கட்டு இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் நாலு கிராம்பும் கொஞ்சம் ஓமமும் வைத்துக்கொண்டார். இடுப்புக்குப் போகும் கைக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே. பெட்டியை இறக்கியதும் முகம் கழுவிவிட்டு, போட் கட்டும் இடத்தின் கடைசி வரை கையை வீசி நடந்து திரும்புவார். நாலு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் டீ. மூன்று மாதத்தில் இரண்டு முறை வழுக்கி மறுபடி பீடி பிடித்தார், ஒரு முறை கல்யாண வீட்டில், ஒரு முறை சாவு வீட்டில். வழுக்கிய மறுநாளே மறுபடி நடந்தார். இப்போது ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, பீடி இல்லை.

உங்களுக்கும் அதே வழிதான். இன்னும் ஒரு வாரம் எதையும் விடாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் 12 சிகரெட்டையும் எழுதுங்கள். மணி என்ன, எங்கே, யாரோடு, அதற்கு முந்திய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்தால் போதும். எழுந்ததும் ஒன்று, கேட் மூடி ரயிலுக்கு நிற்கும்போது ஒன்று, டீக்கு இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, கேரம் போர்டு பக்கம் நின்றால் கணக்கில்லாமல் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அசைவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். ஆசை வந்த பிறகு யோசிக்க மூளை இடம் கொடுக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு வருவது பொல்லாதது. என் அப்பா விட்டபோது, ராத்திரி கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கல்மண்டபம் வரை நடந்துவிட்டு வருவார். பாயில் உட்கார்ந்தால் பீடி, வாசல் இறங்கினால் இல்லை என்று அவரே கண்டுபிடித்த வழி அது. நீங்கள் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கட்டே உங்கள் ஜிம். ஆசை வந்தால் இறங்கி ஏறுங்கள், மெதுவாக, கைப்பிடியைத் தொட்டபடி.

யார்டில் வேலை நேரத்தில் நடக்க முடியாது, கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டியும் டிரெய்லரும் ஓடும் இடத்தில் நடக்கவும் கூடாது. அங்கே நின்ற இடத்திலேயே செய்ய ஒன்று உண்டு. இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து ஒன்றையொன்று அழுத்துங்கள், 10 நொடி பிடித்து விடுங்கள். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடையை இறுக்குங்கள். இப்படித் தசையை இறுக்கி விடுவதை 5 நிமிடம் செய்தாலே ஆசை குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாட்ச்மேன் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்லித் தருகிறேன். ஒரே எச்சரிக்கை, இறுக்கும்போது தம் கட்டாதீர்கள். மூச்சு போய் வந்துகொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் பிரஷர் எகிறும்.

தம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் தம் என்றால் மூச்சும்தான், சிகரெட்டும்தான். கிரவுண்டில் 'அவனுக்கு தம் இருக்குடா' என்றால் கடைசி நிமிடம் வரை ஓடுவான் என்று அர்த்தம். தம் அடிப்பவனுக்குத்தான் அந்த தம் குறைகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. நுரையீரல் உழைத்தாலும் காலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைவு. விட்ட ஒன்றிரண்டு நாளில் இந்த வாயு ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். நுரையீரல் தேற வாரங்களும் மாதங்களும் ஆகும், ஆனால் இந்த மாற்றம் நாள் கணக்கில் நடப்பது. விடும் நாளுக்கு முந்திய மாலை படி ஏறி எங்கே மூச்சு வாங்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறிப் பாருங்கள். உடற்பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். விட்டதன் பலன் பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு டாக்டர் ரிப்போர்ட்டில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே காலில் தெரியும்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இது தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் போய்விடும். பழையபடி நாளைக்கு ஆறு டீ குடித்தால் காஃபீன் ரத்தத்தில் முன்பைவிட அதிகமாகத் தேங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு திரும்பப் போய்விடுவார்கள். உங்கள் நாலாம் நாளில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். விடும் நாளிலிருந்து டீயைப் பாதியாக்குங்கள், மாலை டீயை முதல் மாதத்துக்கு வேறு கடையில் குடியுங்கள், முடிந்தால் நடந்துகொண்டே. அதே ஈரல் வேலையால் ஆஸ்துமாவுக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளின் அளவும் மாறும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறவர்கள் விடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காலையில் ஒன்று பிடித்தால்தான் வயிறு இளகும் என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். பொய்யில்லை, நிக்கோடின் குடலைத் தூண்டும். விட்டால் இரண்டு மூன்று வாரம் மலச்சிக்கல் வரலாம். எழுந்ததும் வெந்நீர், அப்புறம் 15 நிமிட நடை, மதியம் கீரை என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். எடையும் ஏறும், முதல் வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. தொடர்ந்து நடப்பவர்களுக்கு இது குறைவு. அதற்காக அந்த மாதத்திலேயே பட்டினி கிடக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

எங்கே நடப்பது என்பது நம் பகுதியில் பெரிய கேள்வி. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் நடந்து, சிகரெட்டிலிருந்து மீளும் நுரையீரலில் டீசல் புகையை நிரப்பிக்கொள்ள வேண்டாம். ராயபுரம் அண்ணா பூங்கா, பெரியவர்கள் ராபின்சன் பார்க் என்பார்களே, அதுவோ உங்கள் வீட்டுப் பக்கத்து உள்தெருவோ போதும். ஞாயிற்றுக்கிழமை பழைய டீம் ஆட்களோடு கிரவுண்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் மூன்று வாரம் நடை மட்டும். 14 வருஷம் புகைத்த இதயத்தை முதல் நாளே ஃபார்வர்டில் ஓட விடாதீர்கள். நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் இலவசமாகவே பார்ப்பார்கள், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடைக்கும் இடது கைக்கும் வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 32 வயதுப் பையன் ஒருவன், பீடி பிடிப்பவன், நடந்தால் பாதம் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று வந்தான். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினேன், துடிப்பு கிடைக்கவில்லை. கட்டைவிரல் நுனி நீலம் பாரித்திருந்தது. ரத்தக்குழாய் அடைக்கும் நோய் அது, பர்ஜர் நோய் என்பார்கள், புகையிலையோடு நேரடித் தொடர்புள்ளது. ரத்தக்குழாய் டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பினேன். விரலைக் காப்பாற்றினார்கள். இந்த நோய்க்கு முதல் மருந்தே புகையிலையை அடியோடு விடுவதுதான், 'குறைச்சுக்கிட்டேன்' என்பது இதில் செல்லாது. இப்படி வலி இருப்பவர்கள் நடைப்பயிற்சியைத் தாங்களாகத் தொடங்காமல் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உடற்பயிற்சியை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். நிக்கோடின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள். உங்கள் பாக்கெட்டின் மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும். அப்புறம், சிகரெட்டுக்குப் பதில் மாவாவுக்கு, அதாவது வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கு, மாறிவிடாதீர்கள். அதுவும் அதே நிக்கோடின்தான், வாய்ப் புற்றுக்கு நேர்வழி.

இந்த வாரம் நோட்டை எழுதுங்கள். அடுத்த வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஷிஃப்ட் இல்லாத நாளாக இருந்தால் நல்லது. அந்த நாளிலிருந்து நாலாம் நாள் எந்தக் கிழமை வருகிறது, அன்றைக்கு மாலை எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, வழக்கமாக அந்த டீக்கடைக்குக் கூட வருகிறவர்கள் யார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சேர்ந்து முடிவு செய்துகொள்வோம்.